ஜூலி வெட்டிய சீர்வரிசை

ஜூலிக்குச் சிரிப்பு வந்துவிட்டால் அதை அடக்க யாராலும் முடியாது. அவளாலேயே முடியாது. முதலில் மூக்கிலிருந்து ஒரு சின்னச் சத்தம் கிளம்பும். குக்கர் விசில் அடிப்பதற்கு முன்னால் முனகுமே, அதுபோல. பிறகு தோள் குலுங்கும். அதற்குப் பிறகு வருவதை எழுத்தில் கொண்டுவர முடியாது. ஒருமுறை சிதம்பரம் பேருந்தில், ஆலப்பாக்கம் தாண்டி, ஒருவர் மடியில் வைத்திருந்த கோழி பக்கத்து சீட்டுக்காரரின் டிபன் பாக்ஸைத் திறந்து சாப்பிடுவதைப் பார்த்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில், யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று கண்டக்டர் விசிலடித்து வண்டியை நிறுத்திவிட்டார்.

கல்யாணமே அந்தச் சிரிப்பால்தான் நடந்தது. கடலூர் முதுநகரில் பெண் பார்க்க வந்த அன்று, டேவிட் ராஜின் பெரியப்பா உட்கார்ந்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியின் கால்கள் மெல்ல மெல்ல விரிந்தன. அவர் மாப்பிள்ளையின் குணநலன்களைப் பற்றிய பேச்சை நிறுத்தாமலேயே தரைக்குப் போய்ச் சேர்ந்தார். எல்லோரும் பதறி எழுந்தபோது உள்ளறையிலிருந்து குக்கர் முனகியது. இந்தப் பெண் வேண்டாம் என்றார் பெரியப்பா. இந்தப் பெண்தான் வேண்டும் என்றான் டேவிட் ராஜ்.

அவளுக்கு வேலை சிதம்பரத்தில். மேல வீதியில் ஒரு ஜவுளிக்கடைக்கு மாடியில் கார்த்திகேசனின் போட்டோ ஸ்டுடியோ. கல்யாணங்களுக்குப் போய்ப் படம் பிடிப்பது கார்த்திகேசன். பிடித்ததைக் கம்ப்யூட்டரில் போட்டு வெட்டி ஒட்டி வீடியோவாக்குவது ஜூலி. காலையில் பேருந்தில் வந்து, ஏசி அறையில் உட்கார்ந்து, முன்பின் தெரியாதவர்களின் தாலிகட்டைப் பார்ப்பாள். மாலையில் கிளம்பும்போது அடுத்த வீட்டுத் தாலிகட்டுக்கு வந்திருப்பாள்.

இந்தத் தொழிலில் ஒரு நியதி உண்டு. கல்யாண வீடியோ பார்க்கிற யாரும் கல்யாணத்தைப் பார்ப்பதில்லை, தன்னைத்தான் பார்க்கிறார்கள். அதனால் மேடையேறிக் கைகுலுக்கிய ஒவ்வொரு முகமும் இருக்க வேண்டும். பந்தியில் ஒவ்வொரு இலையும் இருக்க வேண்டும். இரண்டாவது நியதி, வீடியோ சொன்ன நாளில் வராது. மாலை வாடி, மாமியாரோடு முதல் சண்டை முடிந்து, பெண் வாந்தியெடுக்க ஆரம்பித்த பிறகுதான் வரும். "வளைகாப்புக்குள்ள குடுத்துருவோம்மா" என்பதுதான் கார்த்திகேசன் எல்லோருக்கும் தரும் வாக்கு.

இப்படிப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஜூலி தபால்வழியில் தமிழ்ப் பட்டப்படிப்பில் சேர்ந்தாள். ப்ளஸ் டூவுக்குப் பிறகு விட்டுப்போன படிப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் நேர்முக வகுப்பு இருந்ததால் பூசைக்குச் சனிக்கிழமை மாலையே போய்வந்துவிடுவாள். இரண்டாவது வகுப்பில் பாடம் நடத்திய அம்மையார், சாக்பீஸால் கரும்பலகையில் "கதையின் கூறுகள்" என்று எழுதினார். எழுதியதுமே ஜூலி அதற்குள் போய்விட்டாள். போனவள் திரும்பவே இல்லை.

கதை நடக்கும் இடமும் காலமும் களம். கதையில் வருகிறவர்கள் கதைமாந்தர். யாருடைய ஆசையைப் பிடித்துக்கொண்டு கதை நகர்கிறதோ அவர் தலைமை மாந்தர். அந்த ஆசைக்குக் குறுக்கே நிற்பது முரண். குறுக்கே நிற்பது ஆளாக இருந்தால் எதிர்மாந்தர். ஒன்று நடந்ததால் இன்னொன்று நடந்தது என்று கோத்துக்கொண்டு போவது பின்னல். பின்னாலே வரப்போவதை முன்னாலேயே லேசாகக் காட்டிவிடுவது முன்னுணர்த்தல். எல்லாம் முட்டி மோதி இனி இப்படியா அப்படியா என்று நிற்கும் இடம் உச்சம். உச்சம் முடிந்ததும் கதையை இழுக்கக் கூடாது, சட்டென்று முடித்துவிட வேண்டும்.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்!" என்று அவளுக்குக் கத்த வேண்டும் போலிருந்தது. தினமும் வெட்டி ஒட்டிக்கொண்டிருந்ததற்கெல்லாம் பெயர் இருக்கிறது என்று இத்தனை நாள் யாரும் சொல்லவில்லையே!

அன்று மாலை முதல் டேவிட் ராஜுக்கு நிம்மதி போயிற்று. துறைமுகத்து ஐஸ் ஃபாக்டரியில் வேலை முடித்துக் களைத்து வந்தவனை ஜூலி வாசலிலேயே நிறுத்தினாள்.

"ஏங்க, ஒங்களுக்கு என்னா ஆசை?"

"ஒரு டீ."

"அதுக்கு எது குறுக்க நிக்குது?"

"நீதான் நிக்கிற. தள்ளு."

"பாத்தீங்களா! முரண்!" என்று அவள் கைதட்டிக் குதித்தாள். "நான் எதிர்மாந்தர்! இப்ப டீ கெடைக்குமா கெடைக்காதா, அதான் உச்சம்."

"கெடைச்சிட்டா?"

"கத முடிஞ்சிடுச்சி. அப்புறம் இழுக்கக் கூடாது. பேசாம போய்ப் படுத்துடணும்."

"ராத்திரிச் சோறு?"

"அது ரெண்டாம் பாகம்."

அந்த நேரத்தில்தான் புவனகிரி கல்யாணம் அவள் மேசைக்கு வந்தது. பெண் கனிமொழி. அம்மா தங்கம்மாள், அப்பா மணவாளன். கார்த்திகை மாத அடைமழையில், விடிவதற்கு முன்னால் முகூர்த்தம். தங்கம்மாள் வாரம் தவறாமல் ஸ்டுடியோவுக்குப் போன் செய்வார். கார்த்திகேசன் போனை ஜூலியிடம் தள்ளிவிடுவார். வீடியோ எங்கே என்று ஆரம்பிக்கும் பேச்சு கருவாட்டுக் குழம்புக்குப் போய், கனிமொழியின் மசக்கைக்குப் போய், கடைசியில் ஒரே இடத்தில் முடியும்.

"பாப்பா, எந்தம்பி இளவரசு சீர் கொண்டாந்தான் பாரு. அத மட்டும் நல்லா போட்ரும்மா."

"சரிங்கம்மா" என்பாள் ஜூலி. எல்லா அம்மாக்களும் தம்பியைப் பற்றி இதையேதான் சொல்வார்கள். எல்லோருக்கும் அவள் சரிங்கம்மா சொல்வாள்.

ஜூலிக்குப் புவனகிரி படங்களைப் பார்க்கப் பார்க்கத் தலை சுற்றியது. அது கல்யாணமே இல்லை, கதை. மாப்பிள்ளை வீட்டார் சிதம்பரத்திலிருந்து வரும்போது வெள்ளாற்றுப் பாலத்தில் லாரி குறுக்கே நின்று மாட்டிக்கொண்டார்கள். முகூர்த்தம் கரைந்துகொண்டிருந்தது. நனைந்த கோட்டோடு மாப்பிள்ளை ஓடி வந்து மணையில் உட்கார்ந்தார். உடனே கரண்ட் போயிற்று. ஜெனரேட்டர் இரண்டு முறை இருமிவிட்டு நின்றது. மண்டபம் முழுக்க இருட்டு. ஐயர் தடுமாறினார். தங்கம்மாளின் குரல் மட்டும் கேட்டது: "யாராச்சும் வெளிச்சம் காட்டுங்களேன்!" சில நொடிகள் ஒன்றுமில்லை. பிறகு ஒரு பக்கத்திலிருந்து பளீரென்று மஞ்சள் வெளிச்சம். கனிமொழியின் கன்னத்தில் ஒரு துளி கண்ணீர் தீப்பொறி போல மின்னியது. தாலி ஏறியது.

அந்தக் காட்சியைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சட்டம் போட்டு ஸ்டுடியோ வாசலில் மாட்டியிருந்தார் கார்த்திகேசன். வருகிறவர்களிடமெல்லாம், "என்னோட லைட்டிங்" என்று மட்டும் சொல்லிவிட்டு அடக்கமாகத் தலையைக் குனிந்துகொள்வார்.

ஜூலி வெட்ட ஆரம்பித்தாள். தலைமை மாந்தர் கனிமொழி. முரண், மழை. எதிர்மாந்தர் யார் என்று யோசித்து யோசித்து, பேருந்தில் திடீரென்று பதில் கிடைத்து, "ஜெனரேட்டர்!" என்று கத்திவிட்டாள். பக்கத்திலிருந்த பெண்மணி பையை மடிக்கு இழுத்துக்கொண்டார். முதல்நாள் சாயங்காலம் சமையல்காரர் ஒருவர் ஜெனரேட்டரைக் காலால் தட்டி, "இது காலைல வரைக்கும் தாங்குமா?" என்று கேட்பது எங்கோ மூலையில் பதிவாகியிருந்தது. அதை எடுத்து முதலில் வைத்தாள். முன்னுணர்த்தல்! மேடைக் கைகுலுக்கல்களில் பாதியைத் தூக்கினாள். மாப்பிள்ளைக்காக எல்லோரும் தவித்துக் காத்திருக்கும் இடம் ரொம்ப இறுக்கமாக இருந்ததால் நடுவில் கொஞ்சம் நகைச்சுவை வேண்டியிருந்தது. காலைப் பந்தியில் ஈரத் தலையோடு ஒருவர், "தம்பி, இன்னொரு வடை" என்று இலையைத் தட்டிக் கேட்கும் காட்சி கிடைத்தது. அவர் யாரென்று தெரியாது. எடுத்து அங்கே சொருகினாள்.

தாலி கட்டியதும் உச்சம் முடிந்தது. அதற்குப் பிறகு சீர்வரிசை ஊர்வலம் வந்தது. சீர் எப்போதும் தாலிக்கு முன்னால் வரும். இது என்னவோ பின்னால் வந்திருந்தது. தட்டு தட்டாக, மேளத்தோடு, ஈரத்தோடு, முடிவே இல்லாமல் வந்துகொண்டிருந்தது. தட்டுகளிலிருந்து தெறித்த தண்ணீர் லென்ஸில் பட்டு முகங்கள்கூடச் சரியாகத் தெரியவில்லை. உச்சத்துக்குப் பின் இழுக்கக் கூடாது. ஜூலி ஒரே வெட்டாக வெட்டினாள். நான்கு மணி நேரக் கல்யாணம் முக்கால் மணி நேரமாகிவிட்டது. ஆனி மாத முகூர்த்தங்களில் ஓடிக்கொண்டிருந்த கார்த்திகேசன் அதைப் பார்க்காமலேயே பென் டிரைவில் ஏற்றச் சொன்னார்.

வளைகாப்புக்கு ஒரு வாரம் இருந்தது. கதையைப் பார்ப்பவர்களின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஆசையில் ஜூலியே பென் டிரைவை எடுத்துக்கொண்டு புவனகிரிக்குப் போனாள். வீடு நிறைய ஆட்கள். டிவிக்கு முன்னால் நடு நாற்காலியில், புதுச் சட்டையின் மடிப்புக் கலையாமல் ஒருவர் உட்கார்ந்திருந்தார்.

"வாம்மா வா! இதான் எந்தம்பி இளவரசு, நான் போன்ல சொல்வனே" என்றார் தங்கம்மாள்.

எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது ஜூலிக்கு.

படம் ஓடியது. ஜெனரேட்டரைக் கண்டு பிள்ளைகள் "டேய்!" என்று கூச்சல் போட்டார்கள். பாலத்தில் லாரி நின்றபோது, எல்லோருக்கும் முடிவு தெரிந்திருந்தும், கனிமொழியின் மாமியார் நகத்தைக் கடித்தார். ஜூலி சுவரோரம் நின்று உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தவிப்பின் நடுவே திரையில் ஓர் இலை வந்தது. ஈரத் தலை வந்தது. "தம்பி, இன்னொரு வடை."

வீடே அதிர்ந்து சிரித்தது. மணவாளன் தொடையைத் தட்டி, "மச்சான், மாப்ள பாலத்துல நிக்கிறாரு, நீ அதுக்குள்ள வடைய பதம் பாத்துட்டியா!" என்றார்.

இளவரசும் சிரித்தார், ஓரமாக. பிறகு முதுகை நிமிர்த்திக்கொண்டு காத்திருந்தார். இருட்டு வந்தது, வெளிச்சம் வந்தது, தாலி ஏறியது, எல்லோரும் கைதட்டினார்கள். திரையில் "சுபம்" வந்தது. அவர் இன்னும் காத்திருந்தார்.

"சீரு எங்க?" என்றார்.

எல்லோரும் ஜூலியைப் பார்த்தார்கள்.

"ரெண்டாவது கேசட்டா?"

"இல்லைங்க... அவ்ளோதான்" என்றாள் ஜூலி.

இளவரசு எழுந்தார். அக்காளைப் பார்த்தார். "எங்கல்யாணப் பத்திரிகைல நான் மாமா பேர வுட்டுட்டேன். ஒம்போது வருசம் பேசாம இருந்த. இப்ப நீ வீடியோல என்னயே வுட்டுட்ட. திங்கறதுக்கு மட்டும் வந்தவன்னு காட்டிட்ட. சரியாப் போச்சிக்கா. வளகாப்புக்கு வேற ஆளப் பாத்துக்க."

"டேய் இளவரசு, நான் எங்கடா..." என்று தங்கம்மாள் எழுவதற்குள் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிவிட்டார்.

தங்கம்மாள் திட்டியிருந்தால் பரவாயில்லை. அவர் வந்து ஜூலியின் கையைப் பிடித்துக்கொண்டு, "போட்ரும்மான்னு சொன்னனே பாப்பா. ஒம்போது வருசம் கழிச்சி வந்தாம்மா" என்று மட்டும் சொன்னார். அன்று கடலூர் பேருந்தில் கோழி இருந்ததா, குதிரை இருந்ததா என்று ஜூலி பார்க்கவில்லை. இலை தட்டியவர் யார் என்று தெரியாமல் போனதும், சரிங்கம்மா என்று சொன்னதும் மாறி மாறி மனதில் வந்துகொண்டிருந்தன.

"கத படிச்சதுக்கே இப்டின்னா, சட்டம் படிச்சிருந்தா எத்தினி குடும்பம் பிரிஞ்சிருக்குமோ" என்றான் டேவிட் ராஜ். அவள் சிரிக்கவில்லை. அதைப் பார்த்து அவன் பயந்து போனான். "சரி, நீ வெட்டுனதுக்கு நீயே போய்ச் சொல்லு. போ. காலைல மொத வண்டி."

இளவரசு குறிஞ்சிப்பாடிக்குப் பக்கத்தில் டிராக்டர் வாடகைக்கு ஓட்டுகிறவர். ஜூலி போனபோது வீட்டு வாசலில் டிராக்டர் நின்றிருந்தது. அதற்கு அடியிலிருந்து இரண்டு பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன.

"அண்ணா, நான் ஸ்டுடியோ ஜூலி."

பாதங்கள் அசையவில்லை. "வட இல்ல, போம்மா."

"அக்கா வெட்டச் சொல்லலண்ணா. நான்தான் வெட்டுனேன். சத்தியமா அவுங்களுக்குத் தெரியாது. நான் கதைக்கூறுகள் படிக்கிறேன். தாலி கட்டுனதும் உச்சம் முடிஞ்சிடுது. உச்சத்துக்கு அப்புறம் வர்றது கதைய நகத்தாது. அதான்..."

"அதாவது நான் வந்தாலும் ஒண்ணுதான், வராட்டியும் ஒண்ணுதான்."

"கதைக்குங்க. கல்யாணத்துக்கு இல்ல."

"ரொம்ப நல்லாருக்கு" என்றன பாதங்கள். உள்ளே ஸ்பேனர் ஏதோ கீழே விழுந்தது. "என்னயும் சேத்து இந்த டிராக்டர்ல வுட்டு அரைச்சிருக்கலாம்."

ஜூலி பாதத்துக்குப் பக்கத்தில் மண்ணிலேயே உட்கார்ந்தாள். வகுப்பில் மூன்றாவது வாரம் நடத்தியது ஒன்று நினைவுக்கு வந்தது. நோக்குநிலை. ஒரே நிகழ்ச்சியை யார் நின்று பார்க்கிறார்களோ அவர்களைப் பொறுத்துக் கதை மாறும். அவள் மண்டபத்துக்குள்ளிருந்து மட்டும்தான் பார்த்திருந்தாள்.

"அண்ணா, சீரு ஏன் தாலிக்கு அப்புறம் வந்துச்சி?"

பாதவிரல்கள் மடங்கின. "அதக் கேக்க இத்தினி நாளாச்சா?" என்று கேட்டார்.

"சொல்லுங்கண்ணா. போன்ல ரெகார்ட் பண்ணிக்கவா?"

"பண்ணிக்க. என்னா கெட்டுப் போச்சி."

அவர் சொல்ல ஆரம்பித்தார். சரியான நேரத்துக்குத்தான் வந்தாராம். டிரெய்லரில் தட்டுகள், மேளக்காரர்கள், மனைவி, எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில். "மண்டபத்து வாசல்ல வந்து நின்னுட்டேன். உள்ள போகக் கால் வரலம்மா. அக்கா மூஞ்சியத் திருப்பிக்கிச்சின்னா? அத்தினி பேரு முன்னால? மேளக்காரன் கேக்குறான், 'போலாமா சார்?' 'இருய்யா.' மறுபடி கேக்குறான், 'தோலு நமுத்துப் போச்சி சார், அடிச்சா தவள கத்துற மாதிரி கேக்கும், போலாமா?' 'இருய்யா.' தார்ப்பாய் கிழிஞ்சி லட்டுத் தட்டுல ஒழுவுது. எம்பொண்டாட்டி சட்டுனு என் வேட்டிய உருவி..."

"உருவி?"

"லட்டு மேல போட்டுட்டாம்மா. பட்டு வேட்டி! சீரு நனையக் கூடாதாம். நான் அண்ட்ராயரோட டிராக்டர் சீட்டுல ஒக்காந்திருக்கேன், மேல ரெயின்கோட்டு."

ஜூலியின் மூக்கிலிருந்து குக்கர் முனகியது. அவள் வாயைப் பொத்தினாள். மன்னிப்புக் கேட்க வந்த இடத்தில் சிரிக்கக் கூடாது என்று நினைத்தாள். அது தோளுக்கு இறங்கிவிட்டது.

"சிரிக்கிறியா?"

"இல்லண்ணா" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவ்வளவுதான். தெருவில் போன சைக்கிள் நின்றது. எதிர்வீட்டு ஆடு கத்தியது. டிராக்டருக்கு அடியிலிருந்து முதலில் ஓர் உறுமல், பிறகு ஓர் இருமல், பிறகு இளவரசு வயிற்றைப் பிடித்துக்கொண்டு உருண்டு வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். இருவரும் ஒருவரையொருவர் பார்த்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

கண்ணைத் துடைத்துக்கொண்ட பிறகுதான் அவர் மிச்சத்தைச் சொன்னார், குரல் இறங்கி. "அப்பதான் கரண்ட் போச்சி. ஜெனரேட்டரும் போச்சி. உள்ளேர்ந்து அக்கா கத்துது, யாராச்சும் வெளிச்சம் காட்டுங்களேன்னு. ஒம்போது வருசம் கழிச்சி அது கொரல இப்பதான் கேக்குறேன். அது என்னக் கூப்புடல. ஆனா எனக்கு என்னத்தான் கூப்புட்ட மாதிரி இருந்திச்சி. வண்டிய அப்புடியே படிகிட்ட ஏத்தி, ஹெட்லைட்ட உள்ள அடிச்சேன். தாலி கட்டி முடிக்கிற வரைக்கும் எஞ்சின ஆஃப் பண்ணல. அப்புறம் வேட்டியப் புழிஞ்சி கட்டிகிட்டு சீர எடுத்துகிட்டு உள்ள போனேன். நேரமாயிடிச்சி. அதான்."

ஜூலி எழுந்து நின்றுவிட்டாள். "அந்த வெளிச்சம் நீங்களா?"

"பின்ன? எல்லாருக்கும்தான் தெரியுமே."

"யாருக்கும் தெரியாதுண்ணா! அந்த மழச் சத்தத்துல எல்லாரும் ஸ்டுடியோ லைட்டுன்னு நெனச்சிருப்பாங்க! எங்க மொதலாளி, அது அவுரு லைட்டிங்குன்னு போட்டோ மாட்டி வெச்சிருக்காரு!"

ஒன்று நடந்ததால்தான் இன்னொன்று நடக்கிறது. பின்னல் பற்றி அம்மையார் அத்தனை முறை சொல்லியும், இருட்டுக்குப் பிறகு வெளிச்சம் எதனால் வந்தது என்று ஜூலி ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. அழகாக இருந்தது, வைத்துக்கொண்டாள். உச்சத்தை வைத்துக்கொண்டு, உச்சத்தைச் செய்தவரை வெட்டி, வடை தின்ன உட்கார வைத்திருந்தாள்.

சிதம்பரத்துக்கு ஓடினாள். மண்டப வாசலில் வருகிறவர்களைப் படமெடுக்க ஒரு கேமராவை ஸ்டாண்டில் நிறுத்துவது வழக்கம். மழையில் யாரும் வராததால் அதைக் கவனிக்காமல் விட்டிருந்தார்கள். அது பாட்டுக்கு மழையைப் படம்பிடித்துக்கொண்டே நின்றிருந்தது. வீண் என்று அவள் ஒதுக்கி வைத்திருந்த அந்தப் படத்தைத் திறந்தாள். மழை. மழை. அதன் ஓரத்தில் ஒரு டிராக்டர். சீட்டில் ரெயின்கோட்டுக்குள் ஓர் உருவம் எழுந்திருப்பதும், மறுபடி உட்கார்வதும், எழுந்திருப்பதும், மறுபடி உட்கார்வதுமாக.

கார்த்திகேசன் வந்து பின்னால் நின்று பார்த்தார். தங்கம்மாளின் கூப்பாடு கேட்டதும் உருவம் துள்ளிக் குனிந்து சாவியைத் திருகியது. இரண்டு விளக்குகள் எரிந்தன. டிராக்டர் படியை நோக்கிப் பாய்ந்தது.

கார்த்திகேசன் வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார். "ஜூலிம்மா."

"சொல்லுங்கண்ணா."

"வாசல்ல இருக்கிற போட்டோவ எறக்கிடணுமா?"

"வேணாம்ண்ணா. கீழ ஒரு டிராக்டர் படம் ஒட்டிடலாம்."

அவள் இரண்டு நாள் வெட்டினாள், ஒட்டினாள். இப்போது கதை மழையில் தொடங்கியது. இளவரசின் குரல் சொல்லிக்கொண்டே போனது. தலைமை மாந்தருக்கு ஒரே ஓர் ஆசை, உள்ளே போக வேண்டும். குறுக்கே நின்றதும் அவரேதான். ஜெனரேட்டரை எதிர்மாந்தர் பதவியிலிருந்து நீக்கினாள். அது நின்றுபோனதால்தானே அவர் உள்ளே வந்தார்! தட்டுகள் அத்தனையும் இருந்தன. மேளம் உண்மையாகவே தவளை போலக் கத்தியது.

தங்கம்மாளை ஸ்டுடியோவுக்கு வரவழைத்துப் போட்டுக் காட்டினாள். "அது என்னக் கூப்புடல" என்று தம்பியின் குரல் சொன்ன இடத்தில் தங்கம்மாள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். படம் முடிந்ததும் எழுந்து, "கெளம்பு" என்றார்.

"எங்கங்கம்மா?"

"குறிஞ்சிப்பாடிக்கு. கெடுத்தவ நீதான, நீயும் வா. அந்தப் பொட்டியையும் தூக்கிக்க."

ஜூலி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டாள். போகிற வழியில் தங்கம்மாள் பூவும் பழமும் வெற்றிலையும் வாங்கினார். வாங்கும்போதெல்லாம், "அண்ட்ராயரோட! அறிவிருக்கா அவனுக்கு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார்.

இளவரசு வாசலில் டிராக்டரைக் கழுவிக்கொண்டிருந்தார். அக்காள் தட்டோடு வருவதைப் பார்த்து, குழாயைக் கையில் பிடித்தபடியே நின்றார். தண்ணீர் அவர் காலிலேயே ஊற்றிக்கொண்டிருந்தது.

"வாக்கா" என்றார் கடைசியில்.

"ஏண்டா, வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வரத் தெரியாதா ஒனக்கு? நான் என்ன கடிச்சா தின்னுருவேன்?"

"பத்திரிகைல மாமா பேர..."

"அந்த மனுசனுக்கு அவரு பேரே பாதி நேரம் ஞாபகம் இருக்காது. வாடா. உள்ள வந்து ஒக்காரு. ஒன் படத்த நீயே பாரு."

லேப்டாப்பை நெல் மூட்டை மேல் வைத்துப் போட்டார்கள். இளவரசு தன் குரலைக் கேட்டு, "இது என் கொரலா? எரும தண்ணி குடிக்கிற மாதிரி இருக்கு" என்றார். வேட்டி உருவிய இடம் வந்தது. அந்த இடத்தில் பதிவில் இருந்த ஜூலியின் சிரிப்பு கிளம்பியது. முதலில் குக்கர், பிறகு தோள் குலுங்குவதுகூடக் கேட்பது போலிருந்தது, பிறகு முழுசாக. தங்கம்மாள் சிரித்தார். இளவரசின் மனைவி அடுப்படியிலிருந்து வந்து சிரித்தார். இளவரசு தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார்.

ஜூலி மட்டும் வெட்கப்பட்டு, "அந்த எடத்துல மட்டும் சத்தத்த கொறைக்க முடியலங்க. எஞ்சிரிப்ப எடுத்துடறேன். கதைக்குத் தேவையில்ல" என்றாள்.

"எடுத்தியோ, கைய ஒடிச்சிருவேன்" என்றார் தங்கம்மாள்.

"வடைய வேணா எடுத்துரும்மா" என்றார் இளவரசு.

"அதுவும் இருக்கட்டும்" என்றார் தங்கம்மாள். "தாலிக்கு அப்புறம் வந்த வடைதான? அங்கியே வெச்சிரு. பாவம், எம்மாம் பசியோட இருந்தானோ."

தங்கம்மாள் பழத்தட்டை இரண்டு கையாலும் நீட்டினார். இளவரசு ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு வாங்கினார்.

வளைகாப்பு அன்று வெயில் கொளுத்தியது. புவனகிரி தெருவுக்குள் டிராக்டர் பட்டப்பகலில் இரண்டு ஹெட்லைட்டையும் எரியவிட்டுக்கொண்டு வந்தது. டிரெய்லரில் வளையல் தட்டுகள், மேளம், லட்டு. சீட்டில் இளவரசு பட்டு வேட்டியில் இருந்தார். வேட்டிக்கு மேலே பெல்ட்டும் கட்டியிருந்தார், யாராவது உருவிவிடக் கூடாதே என்று. வாசலில் ஒரு கணம் நின்றார். உள்ளேயிருந்து தங்கம்மாள் கத்தினார், இந்த முறை பேர் சொல்லி. கார்த்திகேசன் கேமராவை எடுப்பதற்குள் அவர் உள்ளே போய்விட்டார்.

கனிமொழியின் பிள்ளை இப்போது பேச ஆரம்பித்துவிட்டது. சோறு ஊட்டும்போது டிவியில் அந்த வீடியோவைத்தான் போடச் சொல்கிறதாம். மழையும் டிராக்டரும் அதற்குப் பிடித்தவை. வேட்டி வரும் இடத்தில் கைதட்டத் தயாராகக் காத்திருக்கும். படத்தில் எங்கும் முகம் வராத ஒருத்தி மூக்கால் முனகி, அடக்கிப் பார்த்து, முடியாமல், அந்த வீடு முழுக்கச் சிரிக்கிறாள்.